திடீர்ப் பதற்றம்: ஓடினால் துரத்தும், நின்றால் தணியும்

தைப்பிங் - நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நள்ளிரவில் மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு வருகிற எல்லாருக்கும் மாரடைப்பு இருப்பதில்லை. இ.சி.ஜி. எடுப்பார்கள், இரத்தம் எடுப்பார்கள், இரத்த அழுத்தம் பார்ப்பார்கள். எல்லாம் சரியாக இருக்கும். “ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போகலாம்” என்று மருத்துவர் சொல்லிவிடுவார். வந்தவருக்கு அந்தச் சொல் பாதி நிம்மதிதான். ஒன்றுமில்லை என்றால் நெஞ்சு ஏன் அப்படி அடித்தது? கை ஏன் நடுங்கியது? செத்துவிடுவோம் என்று ஏன் தோன்றியது?

வீட்டுக்கு வந்தால் ஆளுக்கு ஒரு விளக்கம் கிடைக்கும். ஒருவர் “கேஸ்” என்பார். இன்னொருவர் திருஷ்டி என்பார். எங்கேயோ பார்த்துப் பயந்திருக்கிறாள், மந்திரித்துவிடுங்கள் என்று பாட்டி சொல்வார். இளைஞராக இருந்தால், “சும்மா நடிக்கிறான்” என்ற பேச்சும் வரும். இரண்டு வாரம் கழித்து மீண்டும் அதே படபடப்பு, மீண்டும் அதே அவசரப் பிரிவு.

இதற்கு மருத்துவத்தில் ஒரு பெயர் இருக்கிறது. ஆங்கிலத்தில் ‘பேனிக் அட்டாக்’ என்பார்கள். தமிழில் திடீர்ப் பதற்றத் தாக்கு எனலாம். இது நடிப்பும் இல்லை, பைத்தியமும் இல்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் 30 கோடியே 10 லட்சம் பேர் ஏதோ ஒரு வகைப் பதற்ற நோயுடன் வாழ்ந்தார்கள். ஆண்களைவிடப் பெண்களிடம் இது அதிகம். பெரும்பாலும் பதின்ம வயதின் இறுதியிலோ இருபதுகளிலோ தொடங்குகிறது.

நல்ல செய்தி என்னவென்றால், இதைச் சரிப்படுத்த முடியும். அதில் பெரும்பங்கு வீட்டிலேயே, செலவில்லாமல், தினசரிப் பழக்கமாகச் செய்யக்கூடியது. ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் செய்தால் பலன் குறைவு. அதனால் உடம்பிலிருந்தே தொடங்குவோம்.

உடம்பில் என்ன நடக்கிறது?

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு ‘மெய்ப்பாடு’ என்ற சொல் தெரிந்திருக்கும். உள்ளத்து உணர்ச்சி உடம்பில் வெளிப்படுவது மெய்ப்பாடு. தொல்காப்பியம் சொல்லும் எட்டு மெய்ப்பாடுகளில் அச்சமும் ஒன்று. அணங்கு, விலங்கு, கள்வர், இறைவனாகிய அரசன் என்று அச்சம் பிறக்கும் இடங்களாக அது நான்கைச் சொல்கிறது. நான்கும் நமக்கு வெளியே இருப்பவை. பயப்பட ஒரு பொருள் எதிரே நிற்கிறது. உடம்பு அதற்குத் தயாராகிறது.

தோட்டத்தில் பால் மரம் சீவப் போகிறவர் விடியற்காலை இருட்டில் காலடியில் பாம்பைப் பார்க்கிறார் என்று வையுங்கள். மூளை ஒரு நொடியில் அபாய மணி அடிக்கிறது. அட்ரினலின் இரத்தத்தில் கலக்கிறது. தசைகளுக்கு இரத்தம் அனுப்ப இதயம் வேகமாக அடிக்கிறது. மூச்சு வேகமெடுக்கிறது. உடம்பைக் குளிர்விக்க வியர்க்கிறது. செரிமானம் நின்று வயிறு புரள்கிறது. ஓடவோ அடிக்கவோ உடம்பு தயார். பாம்பு போனதும் சில நிமிடங்களில் எல்லாம் அடங்கிவிடும்.

திடீர்ப் பதற்றத்தில் நடப்பதும் இதேதான். ஒரு வித்தியாசம்: பாம்பு இல்லை. மணி தவறாக அடித்துவிட்டது. கடையில் பொருளெடுத்துக்கொண்டு வரிசையில் நிற்கும்போதோ, கார் ஓட்டும்போதோ, தூக்கத்தின் நடுவிலோகூட அது அடிக்கலாம். வெளியே காரணம் எதுவும் தெரியாததால், “உள்ளே ஏதோ பெரிய கோளாறு” என்று மனம் முடிவுகட்டுகிறது.

இங்கே மூச்சு இன்னொரு வேலை செய்கிறது. தேவைக்கு மேல் வேகமாக மூச்சு வாங்கினால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்துவிடும். அப்படிக் குறைந்தால் மூளைக்குப் போகும் இரத்தக் குழாய்கள் சற்றுச் சுருங்கும், தலை சுற்றும். விரல் நுனியும் உதடும் மரத்துப்போகும். மூச்சு போதவில்லை என்ற உணர்வு வரும். உண்மையில் மூச்சு கூடுதலாகப் போய்க்கொண்டிருக்கிறது. இது தெரியாமல் இன்னும் ஆழமாக, இன்னும் வேகமாக இழுப்பார்கள். தலைசுற்றல் கூடும்.

மயங்கி விழுந்துவிடுவோமோ என்ற பயமும் பலருக்கு உண்டு. மயக்கம் வர இரத்த அழுத்தம் சட்டென்று குறைய வேண்டும். பதற்றத்தில் அது பெரும்பாலும் கூடத்தான் செய்கிறது. அதனால் விழுந்துவிடுவது போன்ற உணர்வு வந்தாலும், பதற்றத்தால் மட்டும் மயங்கி விழுவது அரிது. இரத்தத்தையோ ஊசியையோ பார்த்தால் மயங்குகிறவர்கள் இதற்கு விதிவிலக்கு. தாக்கு பொதுவாகப் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு தானாக இறங்கத் தொடங்கும். அட்ரினலின் உடம்பில் நீண்ட நேரம் நிற்காது.

முதலில் மருத்துவரைப் பாருங்கள்

“இது வெறும் பதற்றம்தான்” என்று நாமே முடிவுசெய்யக் கூடாது. முதல் முறை வந்தால் கட்டாயம் மருத்துவப் பரிசோதனை வேண்டும். தைராய்டு கூடுதலாகச் சுரந்தாலும், இரத்தசோகை இருந்தாலும், இதயத் துடிப்பில் கோளாறு இருந்தாலும் இதே படபடப்பு வரும்.

நம் சமூகத்துக்கு இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. மலேசிய இந்தியர்களிடையே நீரிழிவு நோய் அதிகம். சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுத்துவிட்டு நேரத்துக்குச் சாப்பிடாதவருக்கு இரத்தத்தில் சர்க்கரை இறங்கினால் கை நடுங்கும், வியர்க்கும், நெஞ்சு படபடக்கும். பார்ப்பதற்குப் பதற்றம் போலவே இருக்கும். அப்போது மூச்சுப் பயிற்சி செய்துகொண்டிருந்தால் ஆபத்து. சர்க்கரை அளவைப் பார்க்க வேண்டும். பார்க்க வழியில்லையென்றால் உடனே இனிப்பான ஏதாவது குடிக்கக் கொடுக்க வேண்டும்.

மாரடைப்பைப் பொறுத்தவரை, நடு நெஞ்சில் அழுத்துவது போன்ற வலி, இடக்கை, தாடை அல்லது முதுகுக்குப் பரவும் வலி, படியேறும்போதும் வேலை செய்யும்போதும் கூடும் வலி ஆகியவை இருந்தால் 999க்கு அழையுங்கள். நாற்பது வயதைத் தாண்டியவர்கள், புகைபிடிப்பவர்கள், நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் உள்ளவர்கள் சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நீரிழிவு நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் சில சமயம் நெஞ்சு வலி இல்லாமலேயே மாரடைப்பு வருவதுண்டு.

எல்லாம் பார்த்து, இதயம் நன்றாக இருக்கிறது என்று மருத்துவர் உறுதியாகச் சொன்ன பிறகும் தாக்கு திரும்பத் திரும்ப வந்தால், அடுத்த பகுதி உங்களுக்குத்தான்.

பயத்தைக் கண்டு பயம்

ஆஸ்திரேலியாவில் கிளேர் வீக்ஸ் என்று ஒரு பெண் மருத்துவர் இருந்தார். 1903இல் பிறந்தவர். இருபதுகளில் அவருக்குக் காசநோய் என்று தவறாகச் சொல்லி, சில மாதங்கள் காசநோய் விடுதியில் வைத்தார்கள். வெளியே வந்தபோது எந்நேரமும் நெஞ்சு படபடத்தது. இதய நோய் வந்துவிட்டது என்று நம்பினார். முதல் உலகப் போரில் இருந்து திரும்பிய நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னார். போர்முனையில் எங்களுக்கும் இப்படித்தான் நெஞ்சு அடித்தது, அது பயத்தின் வேலை என்று அந்த நண்பர் விளக்கினார். வீக்ஸுக்கு அதுதான் திருப்புமுனை. பிற்காலத்தில் மருத்துவராகி, அந்த அனுபவத்தை வைத்து 1962இல் நரம்புத் தளர்ச்சிக்கான சுய உதவி நூல் ஒன்றை எழுதினார். பல நாடுகளில் விற்ற நூல் அது.

அவர் சொன்னது எளிமையானது. பயம் இரண்டு முறை வருகிறது. முதல் பயம் உடம்பின் அனிச்சைச் செயல். நெஞ்சு ‘திக்’ என்கிறது. அதை நம்மால் தடுக்க முடியாது. “ஐயோ, இது என்ன? எனக்கு என்ன ஆகப்போகிறது?” என்று நாம் சேர்ப்பது இரண்டாவது பயம். இந்த இரண்டாவது பயம் மீண்டும் அட்ரினலினைச் சுரக்கவைக்கிறது. அது முதல் பயத்தைக் கூட்டுகிறது. சக்கரம் சுற்ற ஆரம்பித்துவிடும். எதிர்கொள்ளுங்கள், ஏற்றுக்கொள்ளுங்கள், எதிர்நீச்சல் போடாமல் மிதந்து செல்லுங்கள், காலத்துக்கு இடம் கொடுங்கள் என்பது அவருடைய வழி.

1986இல் பிரிட்டன் உளவியலாளர் டேவிட் கிளார்க் இதையே ஆய்வு முறையில் விளக்கினார். உடம்பில் தோன்றும் சாதாரண மாற்றத்தைப் பேராபத்து என்று தவறாகப் பொருள்கொள்வதுதான் தாக்கை வளர்க்கிறது என்றார். இன்று மனநல நிபுணர்கள் தரும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையில் இந்தக் கருத்துக்கு முக்கிய இடம் உண்டு.

இரண்டாவது பயத்துக்குத் தீனி போடுவது எது? ஓடுவது. வரிசையில் நிற்கும்போது தாக்கு வந்தது, கூடையைப் போட்டுவிட்டு வெளியே ஓடினோம், நெஞ்சு அடங்கியது. “ஓடியதால் பிழைத்தேன்” என்று மூளை பாடம் படித்துக்கொள்கிறது. அடுத்த முறை கடைக்குப் போகவே தயக்கம். பிறகு இரவுச் சந்தை வேண்டாம், கல்யாண வீடு வேண்டாம், திருவிழாக் கூட்டம் வேண்டாம். கடைசியில் வேலைக்கே போக முடியாமல் வீட்டுக்குள் முடங்குகிறவர்கள் உண்டு. ஓடாமல் அங்கேயே நின்றிருந்தாலும் நெஞ்சு அடங்கியிருக்கும் என்பதை மூளை அறிய வாய்ப்பே கிடைக்கவில்லை.

தாக்கு வரும் நேரத்தில்

முதலில், அதற்குப் பெயர் சொல்லுங்கள். “இது பதற்றம். முன்பும் வந்தது, போனது. இதுவும் போகும்.” வாய்விட்டுச் சொன்னாலும் சரி, மனத்துக்குள் சொன்னாலும் சரி.

இரண்டாவது, முடிந்தவரை அந்த இடத்தை விட்டுப் போகாதீர்கள். நின்றுகொண்டிருந்தால் எதையாவது பிடித்துக்கொண்டு நில்லுங்கள். உட்கார்ந்திருந்தால் பாதங்களைத் தரையில் அழுத்தி வையுங்கள். காரில் இருந்தால் மட்டும் வேகத்தைக் குறைத்து, பாதுகாப்பான இடம் பார்த்து நிறுத்துங்கள்.

மூன்றாவது, மூச்சை இழுப்பதைவிட விடுவதில் கவனம் வையுங்கள். மூக்கால் மெதுவாக நான்கு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை விடுங்கள். நெஞ்சு உயராமல் வயிறு உயர வேண்டும். பெருமூச்சு வாங்கத் தேவையில்லை. சின்ன, மெதுவான மூச்சு போதும். காகிதப் பையில் மூச்சுவிடும் பழைய வழியை இப்போது மருத்துவர்கள் பரிந்துரைப்பதில்லை. உண்மையில் இதயமோ நுரையீரலோ பாதிக்கப்பட்டிருந்தால் அது ஆபத்தாகிவிடும்.

நான்காவது, கவனத்தை வெளியே கொண்டுவாருங்கள். கண்ணுக்குத் தெரியும் ஐந்து பொருள், தொட்டு உணரும் நான்கு, காதில் விழும் மூன்று ஓசை, மூக்குக்கு எட்டும் இரண்டு வாசனை, நாவில் ஒரு சுவை என்று எண்ணலாம். பாட்டிமார் பையில் வைத்திருக்கும் கோடாலி தைலத்தை முகர்ந்து பார்ப்பதும் இந்த வகையில் உதவும். தைலம் நோயை விரட்டுவதில்லை; உள்ளே சுழலும் எண்ணத்தை வெளியே இழுக்கிறது.

இந்த வழிகளைத் தாக்கு வந்த பிறகு முதன்முறையாக முயன்றால் பலன் கிடைப்பது கடினம். வெள்ளம் வந்த பிறகு நீச்சல் கற்றுக்கொள்ள முடியாது. அதனால் தினமும் காலையில் ஐந்து நிமிடம், இரவில் ஐந்து நிமிடம், மனம் அமைதியாக இருக்கும்போதே மூச்சுப் பயிற்சி செய்ய வேண்டும். தேவாரமோ திருப்புகழோ தினமும் நிதானமாகப் பாடுகிறவர்களுக்கு நீண்ட மூச்சு விடும் பழக்கம் ஏற்கெனவே இருக்கும், அதையே தொடரலாம்.

அன்றாடப் பழக்கங்கள்

நடை: உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடற்பயிற்சியைப் பரிந்துரைக்கிறது. தினம் அரை மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள் வேகநடை போதும். இதில் தைப்பிங்வாசிகள் கொடுத்துவைத்தவர்கள். கைவிடப்பட்ட ஈயச் சுரங்கத்தை 1880இல் பூங்காவாக்கியதுதான் நம் ஏரிப்பூங்கா. சாலைக்குக் குடைபிடித்து ஏரிப் பக்கம் சாய்ந்து நிற்கும் மழைமரங்களின் கீழ் நடக்கக் கட்டணம் இல்லை. தீபகற்பத்திலேயே அதிக மழை பெய்யும் ஊர் இது. மழை பெரும்பாலும் மதியத்துக்குப் பிறகுதான் என்பதால் காலை நடை வசதி. நடையில் இன்னொரு நன்மையும் உண்டு. வேகமாக நடக்கும்போது நெஞ்சு படபடக்கும், மூச்சு வாங்கும், வியர்க்கும். படபடப்பு என்றாலே ஆபத்து என்று பழகிப்போன மூளை, படபடப்பு சாதாரணமானது என்று மெல்ல மாற்றிக்கொள்ளும்.

கோப்பியும் தேநீரும்: காலையில் கோப்பி ஓ, பத்து மணிக்குத் தே தாரிக், மாலையில் இன்னொரு கோப்பி, இரவு வேலையென்றால் சக்தி பானம் என்று ஒரு நாளில் எவ்வளவு கேஃபின் உள்ளே போகிறது என்று கணக்குப் பாருங்கள். கேஃபின் நெஞ்சுத் துடிப்பைக் கூட்டும், கையை நடுங்கவைக்கும். நம் கோப்பிக் கடைகளில் பெரும்பாலும் பயன்படும் ரொபஸ்டா வகைக் கொட்டையில், அராபிகாவைவிடக் கேஃபின் ஏறக்குறைய இரு மடங்கு. ஒரே நாளில் நிறுத்தினால் தலைவலி வரும். வாரத்துக்கு ஒரு குவளை எனக் குறைத்து, மதியத்துக்குப் பிறகு குடிப்பதில்லை என்று வைத்துக்கொண்டாலே வித்தியாசம் தெரியும்.

மது: பதற்றத்துக்கு மருந்தாக நம் மக்கள் அதிகம் நாடுவது இதைத்தான். குடித்த இரண்டு மணி நேரம் மனம் தளரும். மதுவின் வேகம் இறங்கும்போது உடம்பு எதிர்ப்பக்கம் துள்ளும். விடியற்காலையில் விழிப்பு, வியர்வை, படபடப்பு. அதை அடக்க மறுபடி குடி. தோட்டங்களில் சம்சு எத்தனை குடும்பங்களைச் சாய்த்தது என்று பெரியவர்களுக்குத் தெரியும். தினமும் நிறையக் குடித்துப் பழகியவர்கள் மட்டும் திடீரென நிறுத்தாமல், மருத்துவரைக் கேட்டு நிறுத்த வேண்டும்; திடீர் நிறுத்தம் வலிப்பில் கொண்டுபோய்விடக்கூடும். சிகரெட்டும் வேப்பும் இதே வகைதான். நிக்கோட்டின் இதயத்தைத் தட்டி எழுப்பும் பொருள்.

தூக்கம்: கமுந்திங் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை செய்கிறவர்களுக்கு இது பெரிய சோதனை. இரவு வேலை முடிந்து வருகிறவர்கள் அறையை இருட்டாக்கி, தொலைபேசியை வேறு அறையில் வைத்துவிட்டு, ஓய்வு நாளிலும் தூங்கும் நேரத்தை அதிகம் மாற்றாமல் பார்த்துக்கொள்ளலாம். பகலில் தூங்குகிறவரை எழுப்பாமல் இருப்பது வீட்டாரின் பொறுப்பு.

கவலைக்கு ஒரு நேரம்: நாள் முழுவதும் கவலைப்படுவதற்குப் பதிலாக, மாலையில் இருபது நிமிடம் ஒதுக்கி ஒரு நோட்டில் எழுதுங்கள். இடையில் கவலை வந்தால், “ஆறு மணிக்குப் பார்க்கலாம்” என்று தள்ளிவையுங்கள். எழுதியதை இரண்டாகப் பிரியுங்கள். “எனக்கு ஏதாவது ஆகிவிட்டால்?” என்பது போன்றவற்றுக்குச் செய்ய வேண்டிய வேலை எதுவும் இல்லை. “வங்கித் தவணை கட்ட முடியவில்லை” என்பதற்கு வேலை இருக்கிறது. மூச்சுப் பயிற்சி கடனைக் கட்டாது. கடன் நெருக்கடிக்கு ஏ.கே.பி.கே. எனப்படும் கடன் ஆலோசனை நிறுவனம் 2006 முதல் இலவச ஆலோசனை தருகிறது. ஆலோங்கிடம் போவதற்கு முன் அங்கே போகலாம்.

மெனோரா சுரங்கத்தைக் கடப்பது எப்படி?

விட்டு ஓடிய இடங்களுக்குத் திரும்பிப் போவதுதான் சிகிச்சையின் மையம். ஒரே தாவலில் வேண்டாம், படிப்படியாகப் போகலாம்.

தைப்பிங்கிலிருந்து ஈப்போவுக்குக் கார் ஓட்டிச் செல்லும் ஒருவருக்கு, கோலகங்சாரைத் தாண்டியதும் வரும் மெனோரா சுரங்கப்பாதையில் ஒருநாள் தாக்கு வந்தது என்று வைத்துக்கொள்வோம். ஏறத்தாழ 800 மீட்டர் நீளம். நடுவில் நிறுத்த முடியாது. அன்றிலிருந்து அவர் நெடுஞ்சாலையையே விட்டுவிட்டார். ஈப்போவில் இருக்கும் அக்காள் வீட்டுக்குப் போவதும் நின்றுவிட்டது.

அவர் ஒரு தாளில் ஏணி போலப் படிகளை எழுதிக்கொள்ளலாம். முதல் படி, சங்காட் ஜெரிங்கில் நெடுஞ்சாலை ஏறி கோலகங்சாரில் இறங்கித் திரும்புவது. அது சலிப்புத் தட்டும்வரை, வாரத்துக்கு மூன்று நான்கு முறை. இரண்டாவது படி, வேறொருவர் ஓட்ட, பக்கத்து இருக்கையில் அமர்ந்து சுரங்கத்தைக் கடப்பது. மூன்றாவது, பக்கத்தில் ஒருவர் இருக்கத் தானே ஓட்டுவது. நான்காவது, தனியாக ஓட்டுவது. ஒவ்வொரு முறையும் போவதற்கு முன் பயத்துக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண், போய்வந்த பிறகு எத்தனை என்று குறித்துக்கொள்ள வேண்டும். சில வாரங்களில் எண் இறங்குவது தாளிலேயே தெரியும்.

பயம் முழுமையாகப் போன பிறகு போகலாம் என்று காத்திருந்தால் அந்த நாள் வராது. பயத்தோடு போய்வந்தால்தான் பயம் குறையும். அதேபோல் ஊன்றுகோல்களையும் மெல்ல விட வேண்டும். தண்ணீர்ப் போத்தல் இல்லாமல் வெளியே போகமாட்டேன், கணவர் இல்லாமல் கடைக்குப் போகமாட்டேன், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நாடி பார்க்க வேண்டும் என்பவை பாதுகாப்பு போலத் தோன்றும். “இது இருந்ததால்தான் பிழைத்தேன்” என்று அவையும் பயத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கும்.

நடுவில் ஒருநாள் தாக்கு மீண்டும் வரலாம். அதனால் இதுவரை செய்தது வீண் என்று எண்ண வேண்டியதில்லை. முந்தைய படிக்கு இறங்கி, இரண்டு மூன்று நாள் அதைச் செய்து, மீண்டும் ஏறலாம்.

வீட்டார் செய்யக்கூடியது

“பயப்படாதே” என்று சொல்வதால் யாருடைய பயமும் போனதில்லை. “இதுக்கெல்லாமா பயப்படுவாங்க?” என்பது இன்னும் மோசம். அடுத்த முறை வந்தால் அவர் உங்களிடம் சொல்லவே மாட்டார்.

பக்கத்தில் உட்காருங்கள். குரலைத் தாழ்த்திப் பேசுங்கள். “நான் இங்கதான் இருக்கேன், கொஞ்ச நேரத்துல இறங்கிடும்” என்று சொல்லி, அவரோடு சேர்ந்து நீங்களும் மெதுவாக மூச்சு விடுங்கள். கூட்டமாகச் சூழ்ந்து நின்று ஆளுக்கொரு யோசனை சொல்ல வேண்டாம். தாக்கு அடங்கிய பிறகு, அவர் செய்ய வேண்டிய எல்லா வேலையையும் நீங்களே எடுத்துச் செய்துவிடாதீர்கள். அன்பினால் செய்வதுதான், ஆனால் அது அவரை வீட்டுக்குள்ளேயே அடைத்துவிடும். “கடைக்கு நான் போறேன்” என்பதைவிட “வா, சேர்ந்து போகலாம்” என்பது நல்லது.

லயத்து வீடுகளில் வாழ்ந்த காலத்தில் ஒரு வீட்டில் சத்தம் கேட்டால் பக்கத்து வீட்டார் ஓடிவருவார்கள். தோட்டங்கள் கைமாறி, மக்கள் அடுக்குமாடி வீடுகளுக்கு வந்த பிறகு பல வீட்டுக் கதவுகள் மூடியே இருக்கின்றன. கணவரும் பிள்ளைகளும் வேலைக்குப் போன பிறகு தனியாக இருக்கும் அம்மாவுக்கு நெஞ்சு படபடத்தால் யாரைக் கூப்பிடுவார்? வாரம் ஒருமுறை கோயிலிலோ பூங்காவிலோ நாலு பேரோடு பேசக் கிடைக்கும் ஒரு மணி நேரமும் மருந்து போலத்தான்.

‘தஞ்சோங் ரம்புத்தான்’ என்ற பயம்

சுய உதவியால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல முடியாது. ஒரு மாதத்துக்கு மேலாகத் தாக்கு திரும்பத் திரும்ப வந்தாலோ, “அடுத்து எப்போது வருமோ” என்ற எண்ணத்திலேயே நாள் கழிந்தாலோ, வேலையும் படிப்பும் கெட்டாலோ, தூக்கமும் பசியும் போய்விட்டாலோ மருத்துவ உதவி வேண்டும்.

இந்த இடத்தில்தான் பேரா மாநிலத்து மக்கள் பலர் நின்றுவிடுகிறார்கள். காரணம் ஓர் ஊரின் பெயர். உலு கிந்தாவில் உள்ள மனநல மருத்துவமனை 1911இல் திறக்கப்பட்டது. அது இருக்கும் தஞ்சோங் ரம்புத்தானின் பெயரே நாடு முழுவதும் கேலிச் சொல்லாகிவிட்டது. “உன்னைத் தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் அனுப்பணும்” என்று பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள்கூடப் பேசிக்கொள்வார்கள். 1971இல் மருத்துவமனைக்கு ‘பஹாகியா’, அதாவது மகிழ்ச்சி, என்று பெயர் மாற்றினார்கள். கேலி மட்டும் மாறவில்லை. மனநலப் பிரிவுக்குப் போனால் அங்கே கொண்டுபோய் அடைத்துவிடுவார்கள், பெண்ணுக்கு வரன் அமையாது, வேலை போய்விடும் என்று பயந்து, பத்து வருடம் இரகசியமாக அவதிப்படுகிறவர்கள் உண்டு.

நடைமுறை அப்படி இல்லை. பதற்ற நோய்க்கு யாரையும் அடைத்துவைப்பதில்லை. அரசாங்கச் சுகாதார கிளினிக்குக்குப் போய், “எனக்கு அடிக்கடி நெஞ்சு படபடக்கிறது, பயமாக இருக்கிறது” என்று சொன்னாலே போதும். குடிமக்களுக்கு அங்கே கட்டணம் ஒரு ரிங்கிட். கடந்த இரண்டு வாரங்களில் எப்படி இருந்தீர்கள் என்று கேட்கும் சில கேள்விகளைக் கொண்ட தாளை நிரப்பச் சொல்வார்கள். தேவைப்பட்டால் மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கடிதம் கொடுப்பார்கள். சிகிச்சை பெரும்பாலும் வெளிநோயாளியாகத்தான்: பேச்சு வழிச் சிகிச்சை, அல்லது மாத்திரை, அல்லது இரண்டும்.

மாத்திரையைப் பற்றியும் தவறான எண்ணங்கள் இருக்கின்றன. பதற்றத்துக்கு வழக்கமாகத் தரப்படும் மாத்திரைகள் பலன் தரச் சில வாரங்கள் ஆகும். தொடக்கத்தில் வயிற்றுப் புரட்டல் போன்ற சின்னத் தொல்லைகள் வரலாம். நான்கு நாளில் “பலனில்லை” என்று நிறுத்திவிடாதீர்கள். நன்றாகிவிட்டது என்று நீங்களாகவும் நிறுத்தாதீர்கள். உடனடியாக அமைதி தரும் வேறு வகை மாத்திரைகள் பழக்கமாகிவிடக்கூடியவை; மருத்துவர் சொன்ன நாட்களுக்கு மட்டுமே அவற்றை எடுக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்த மாத்திரையை வாங்கிப் போடுவது கூடவே கூடாது.

கோயிலுக்குப் போவதையும் திருநீறு பூசிக்கொள்வதையும் மருத்துவர் தடுக்கமாட்டார். அது மனத்துக்குத் தெம்பு தரும் என்றால் தரட்டும். அதற்காக மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போட வேண்டாம். பேய் ஓட்டுவதாகச் சொல்லி ஆயிரக்கணக்கில் பணம் கேட்பவர்களிடம் மட்டும் எச்சரிக்கை தேவை.

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தலைதூக்கினால் ஒரு நிமிடமும் தனியாக இருக்காதீர்கள். சுகாதார அமைச்சின் ‘ஹீல்’ தொலைபேசிச் சேவையின் எண் 15555. பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் 24 மணி நேரமும் அழைப்பை ஏற்கிறது. எண் 03-7627 2929. அவசரம் என்றால் 999. தற்கொலைக்கு முயல்வதைக் குற்றமாக்கியிருந்த குற்றவியல் சட்டத்தின் 309ஆவது பிரிவு 2023இல் நீக்கப்பட்டுவிட்டது. உதவி கேட்டால் போலீஸ் வழக்கு வருமோ என்று இனி யாரும் பயந்து ஒளிய வேண்டியதில்லை.

இந்த வாரம் தொடங்க நினைப்பவர்கள் எல்லாவற்றையும் ஒன்றாகத் தொடங்க வேண்டாம். காலையில் ஐந்து நிமிட மூச்சுப் பயிற்சி, மாலைக் கோப்பியை நிறுத்துவது, அரை மணி நேர நடை - இந்த மூன்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டு வாரம் விடாமல் செய்யுங்கள். பிறகு அடுத்ததைச் சேருங்கள். வீட்டில் யாருக்காவது அடிக்கடி நெஞ்சு படபடக்கிறது என்றால் இன்றே அவர் பக்கத்தில் உட்கார்ந்து, எப்போதிலிருந்து, எங்கே இருக்கும்போது வருகிறது என்று கேளுங்கள். கிளினிக்குக்குத் தனியாகப் போகத் தயங்கினால் முதல் முறை நீங்களும் கூடப் போய் வாருங்கள்.